பொட்டு வைத்த மூடி

"பெட்ரோல்ல மண்ணெண்ணெயைக் கலந்து—"

"மொதல்ல இந்தப் பானையைக் கொஞ்சம் பிடிங்க, வெயிலு நேரா—"

"கலந்துதான் ஊத்தியிருக்கான் சொர்ணம்! இல்லாட்டி இப்படி நிக்குமா? ராவுத்தரு சிரிச்ச முகத்தைப் பார்த்து ஏமாந்துட்டேன்."

"நான் பக்கத்துல நின்னு பார்த்தேன். வெள்ளைத் துணியில வடிகட்டித்தான் ஊத்துனாரு. அந்த மனுசரைச் சொல்லாதீங்க, வாய் வெந்துபோகும்."

"அப்ப ஏன் நிக்குது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். ஏன் நிக்குது?"

இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டதால் சண்டைக்கு மேலே போக வழியில்லாமல் போயிற்று. அன்னவாசலுக்குச் சற்று முன்னால், ஒற்றை வேப்பமரத்தின் கீழே, அந்தச் சீமை மோட்டார் சைக்கிள் ஒன்றும் அறியாத பிள்ளைபோல ஒருக்களித்து நின்றது. புதுக்கோட்டையிலிருந்து புறப்பட்டுப் பத்து மைல்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு தடவை நின்றுவிட்டது.

சொர்ணவல்லி மடியில் வைத்துக்கொண்டு வந்த மண்பானையை மரத்தின் வேரில் பதமாக இறக்கி வைத்தாள். பானை நிறைய ஈர மணல். மணலுக்குள் ஒரு தகர டப்பா. டப்பாவில் பஞ்சுக்கு நடுவே அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்து அடைத்த கண்ணாடிக் குழல்கள், துடைப்பக் குச்சிப் பருமனில், இரண்டு முனையும் உருக்கி மூடப்பட்டுக் கிடந்தன. காலை ரயிலில் சென்னையிலிருந்து வந்தவை. சூடு பட்டால் மருந்தின் உயிர் போய்விடும். அப்புறம் அதைக் குத்துவதும் ஒன்றுதான், குத்தாமல் இருப்பதும் ஒன்றுதான்.

அவள் புருஷன் ஆத்மநாதன் சமஸ்தானத்தில் அம்மை குத்துகிற உத்தியோகஸ்தன். பத்துப் பதினொரு நாளைக்கு முன்னால் கொடும்பாளூர்ப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றுக்கு மிதிவண்டியில் போயிருந்தான். அங்கே மூன்று வீட்டில் அம்மை முத்துப் போட்டிருந்தது. ஊரில் ஒரு பெண்பிள்ளைகூடக் கதவைத் திறக்கவில்லை. அந்நிய ஆம்பளை முன்னால் தோளைக் காட்டுவதாவது! அந்த ஊரில்தான் சொர்ணவல்லியின் அக்கா பிரகதாம்பாளும் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள்தான் தெருத்தெருவாகப் பேசிப் பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்பினாள். சொர்ணம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எல்லாரும் கையை நீட்டுகிறார்களாம். ஆனால் செவ்வாய்க்கிழமை விளக்கு வைப்பதற்குள் வந்துவிட வேண்டுமாம். அன்றைக்குச் சாயந்திரம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால் பத்து நாளைக்கு எந்த உடம்பிலும் ஊசி படாது, சொட்டு ரத்தம் வராது.

பத்து நாள். அக்காவின் கைக்குழந்தைக்குப் பதினொரு மாதம், இன்னும் அம்மை குத்தவில்லை. அடுத்த வீட்டில் முத்து.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் இது. யுத்தம் நடந்துகொண்டிருந்த நாற்பத்து மூன்றாம் வருஷம், பங்குனி மாத வெயில்.

இருபத்து நாலு மைலுக்குப் பெண்டாட்டியை மிதிவண்டியில் உட்காரவைத்து மிதிக்க முடியாது. கரி வாயுவில் ஓடுகிற பஸ் எப்போது வரும், எங்கே படுக்கும் என்று அதன் டிரைவருக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயர் யுத்தத்துக்குப் போகும்போது விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள் கிடந்தது. பெரிய டாக்டர், "ஓட்டத் தெரிந்தால் எடுத்துப் போ" என்றார். ஆத்மநாதனுக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லிவிட்டான்.

பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்த அபுபக்கர் ராவுத்தர்தான் எட்டு நாளில் கற்றுக் கொடுத்தார். வற்றிக் கிடந்த குளத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டப் பழகினான். ஒரு மைல் ஓடும், நிற்கும், திரும்பும். ரேஷன் கூப்பனுக்குக் கிடைத்த பெட்ரோலை அளந்து ஊற்றி, ராவுத்தர் பாடமும் சொன்னார்: "தொட்டியிலேருந்து கொழா வழியா கிண்ணத்துக்கு வரும். கிண்ணத்துலேருந்து இந்த ஊசிக்கண்ணு ஓட்டை வழியா எஞ்சினுக்குப் போவும். வண்டி நின்னா இந்த மூணுல எங்கேயோ அடைப்புன்னு அர்த்தம். ஓட்டையில கம்பியை மட்டும் விட்றாதீங்க, பெரிசாப் போயிரும். குதிரைவால் முடி ஒண்ணு போதும்."

அந்தப் பாடத்தைத்தான் ஆத்மநாதன் முதல் தடவை நின்றபோது ஒப்பித்துக்கொண்டே செய்தான். குதிரைக்கு எங்கே போவது? சொர்ணவல்லியின் தலையிலிருந்து நீளமாய் ஒரு முடியைக் கேட்டான். "குதிரை வாலுக்கு என் கூந்தலா?" என்று முறைத்துவிட்டுத்தான் கொடுத்தாள். ஊசிக்கண் ஓட்டையில் விட்டு இழுத்தான். வண்டி புறப்பட்டுவிட்டது. அப்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இப்போது மறுபடியும் கையை நீட்டினான்.

"இன்னொரு முடி குடு."

"கொடும்பாளூரு போறதுக்குள்ள மொட்டைத்தலையா எறங்குவேன் போலருக்கே."

"பேசாமக் குடு. பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு அங்கிட்டு மூடியைத் தொறந்து பாரு."

அவள் தொட்டியின் மூடியைத் திருகித் திறந்தாள். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். தூக்கத்தில் புரண்டு படுக்கிற குழந்தை இழுக்கிற மூச்சுபோல. சின்னச் சத்தம்தான். வேப்பங்குச்சியை ஒடித்து உள்ளே விட்டுப் பார்த்தாள்.

"அரைக் குச்சிக்கு மேல இருக்குங்க."

"கிண்ணத்துல ஒரு தூசி இல்ல," என்றான் அவன், கீழே குனிந்தபடி. "கண்ணாடி மாதிரி இருக்கு. அப்பவும் ஏன் நின்னுச்சு?"

எல்லாவற்றையும் மாட்டி உதைத்தான். மூன்றாவது உதையில் கிளம்பிவிட்டது.

வண்டி ஓடும்போது சொர்ணவல்லிக்குச் சண்டையெல்லாம் மறந்துபோகும். பின்னால் கட்டிய தலையணையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, பானையை அணைத்துக்கொண்டு வாயைத் திறந்தது திறந்தபடி பார்த்துக்கொண்டு வருவாள். சித்தன்னவாசல் மலை கூடவே எழுந்து நடந்து வந்தது. பனைமரங்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஓடி ஒளிந்தன. வேலியோரத்தில் நின்ற பெண்கள் கையிலிருந்ததை மறந்து நின்றார்கள். நெருப்பைத் தின்று, தண்ணீர்போல எதையோ குடித்து, இரண்டு ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஒரு இரும்பு ஓடுகிறதே! இதைச் செய்தவனும் ஒரு தாய் வயிற்றில்தானே பிறந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

இலுப்பூர் தாண்டியது. அவள் அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு மூக்கைத் தாண்டவில்லை, எஞ்சின் இருமியது. இரண்டு இருமல், ஒரு விக்கல். நின்றுவிட்டது.

இந்தத் தடவை சண்டைகூட வரவில்லை. மரம் இல்லை, நிழல் இல்லை. புருஷனின் துண்டால் பானையைப் போர்த்தி, வண்டியின் நிழலிலேயே வைத்தாள். கொண்டுவந்த செம்புத் தண்ணீரில் பாதியைத் துணியில் தெளித்தாள். பொழுது உச்சியிலிருந்து நன்றாகச் சாய்ந்துவிட்டது.

எதிரே வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் தங்கமுத்து, இலுப்பூர்க்காரன். இறங்கி, மோட்டார் சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"என்னங்கய்யா, படுத்துக்கிச்சா?"

"படுக்கலை. நிக்குது."

"மாடு நின்னா வாலை முறுக்கலாம். இதுக்கு வாலு எங்கிட்டு இருக்கு?"

சொர்ணவல்லி இடையில் புகுந்து கேட்டாள்.

"அண்ணே, கொடும்பாளூருக்கு ஒங்க வண்டியில கொண்டுபோய் விடுவீங்களா? வெளக்கு வைக்கிறதுக்குள்ள போகணும்."

"எட்டு மைலு இருக்கே தாயி. இந்தக் காளைக்குக் கால்ல லாடம் கழண்டு கெடக்கு. நான் வாரேன், வரமாட்டேன்னு சொல்லலை. ஆனா வெளக்கு வெச்சு ரெண்டு நாழி கழிச்சுத்தான் போய்ச் சேரும்."

போனால் கண்டிப்பாகத் தாமதம். போகாமல் நின்றால் இந்த இரும்பு என்ன செய்யுமோ தெரியாது. அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நிற்பது அவள் கண்ணில் வந்துபோயிற்று.

"கொஞ்சம் இருங்கண்ணே. ஒரு வெத்தலை போட்டு முடிக்கிற நேரம்."

ஆத்மநாதன் மண்ணில் மண்டியிட்டான். இந்த முறை கிண்ணத்தைத் தொடவில்லை. தொட்டிக்குக் கீழே குழாயையே கழற்றிவிட்டு, உள்ளங்கையைக் குவித்து ஏந்திக்கொண்டு, பெட்ரோலை விடுகிற திருகைத் திறந்தான். சொட்டு. இன்னொரு சொட்டு. ரொம்ப யோசித்து இன்னொன்று. அத்தோடு சரி.

"தீந்துபோச்சு! பெட்ரோலே இல்லை. எங்கேயோ ஒழுகியிருக்கு."

"அரைக் குச்சி இருந்துச்சுங்க. இருங்க, பார்க்கிறேன்."

மூடியைத் திருகினாள். 'ஸ்ஸ்ஸ்' என்று தொட்டி நீளமாய் மூச்சை இழுத்தது. அந்த மூச்சோடு, கீழே அவன் கையில் பெட்ரோல் ஓடை மாதிரிக் கொட்டியது. கை நிறைந்து, முழங்கை வழிந்து, வேட்டி நனைந்தது.

"மூடு! மூடு!" என்று கத்தினான்.

அவன் சொன்னது கீழே இருக்கிற திருகை. அவளுக்கு அது எப்படித் தெரியும்? கையிலிருந்த மூடியை வைத்து இறுக்கித் திருகினாள்.

கொட்டியது மெலிந்தது. நூலானது. சொட்டானது. நின்றது.

ஆத்மநாதன் திருகைப் பார்த்தான். அது திறந்தபடியேதான் இருந்தது.

தங்கமுத்து வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினான்.

"தாயி, மறுபடி தொறங்க."

திறந்தாள். கொட்டியது. மூடினாள். நின்றது. மேலே அவள் கை, கீழே பெட்ரோல். நடுவில் ஒரு கயிறும் இல்லை, கம்பியும் இல்லை. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் திரை விலகும்போது சிலிர்க்குமே, அப்படி.

"போதும், போதும், கூப்பன் பெட்ரோலு," என்று ஆத்மநாதன் திருகை அடைத்தான். "இது என்ன மாயம் சொர்ணம்?"

"முன்னாடியும் இந்தச் சத்தம் கேட்டுச்சுங்க. ரெண்டு தடவையும். மொதல் தடவை நின்னப்பவும் நான்தானே மூடியைத் தொறந்து பார்த்தேன்? உஸ்ஸுன்னு இழுத்துச்சு. அப்புறம்தான் வண்டி கெளம்புச்சு."

"முடி விட்டதாலதானே கெளம்புச்சு?"

"என் முடியை விடுங்க. நான் ஒண்ணு கேக்குறேன்." அவள் பானையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அம்மைப்பால் குழலை ரெண்டு முனையும் ஒடிப்பீங்களே. ஒரு முனையை மட்டும் ஒடிச்சா என்ன ஆகும்?"

"மருந்து எறங்காது. அப்படியே தொங்கிக்கிட்டு நிக்கும். மறு முனையையும் ஒடிச்சு அங்கிட்டுக் காத்து போனாத்தான்…"

அவன் தன் கையையே பார்த்தான். எத்தனை ஆயிரம் குழல் ஒடித்த கை அது! வேலையில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுத்த விஷயம். ஒரு நாளும் ஏன் என்று அவன் கேட்டதில்லை.

"காத்தா?" என்றான் தங்கமுத்து. "பெட்ரோல் தொட்டியில காத்துக்கு என்னங்கய்யா சோலி?"

"அது உள்ள வந்து எடத்தைப் பிடிச்சாத்தான் பெட்ரோலு எறங்கும் அண்ணே. வரலைன்னா, இது எறங்காது. எறங்கவே எறங்காது."

சொல்லிவிட்டு ஆத்மநாதன் நிமிர்ந்து மேலே பார்த்தான். மற்ற இருவரும் பார்த்தார்கள். பார்க்க என்ன இருக்கிறது? வெறும் வெளி. பனைக்கு மேலே, பருந்துக்கு மேலே, வெயிலுக்கும் மேலே போய்க்கொண்டே இருக்கிற வெளி. அத்தனையும் ஒன்றுமில்லை என்றுதான் சொர்ணவல்லி இத்தனை வயசுக்கும் நினைத்திருந்தாள். அந்த ஒன்றுமில்லாதது இந்தத் தொட்டி வாசலில் வந்து நின்று, எனக்கு இடம் கொடு, அப்புறம்தான் நீ கீழே போகலாம் என்று சொல்லியிருக்கிறது. ஒரு சாண் தூரம் இறங்க, பெட்ரோலுக்கு ஆகாசத்தின் உத்தரவு வேண்டியிருக்கிறது.

"அப்ப வெள்ளைக்காரன் காத்து போறதுக்கு வழி வெச்சிருப்பானே," என்று ஆத்மநாதன் மூடியை வாங்கித் திருப்பினான். உள்பக்கத்தில், நடுவில், ஊசி முனையளவு ஒரு துவாரம். வாயை வைத்து ஊதினான். கன்னம் உப்பியதுதான் மிச்சம். "அடைச்சிருக்கு. ராவுத்தரு வேலைதான். பசை ஏதோ தடவி… நாளைக்கு டாக்டர்கிட்டச் சொல்லி அந்த ஆளை—"

"ராவுத்தரை விடுங்க."

அவள் குரலைக் கேட்டு நிமிர்ந்தான்.

"மூடியை இந்தப் பக்கம் திருப்பிப் பாருங்க."

திருப்பினான். மேல்பக்கத்தில் எட்டு நாள் சந்தனம் அடுக்கடுக்காகக் காய்ந்து, சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகிக் கிடந்தது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. இன்றைக்குக் காலையில் வைத்தது.

"நான்தாங்க," என்றாள். "நடுவுல சின்னதா ஒரு புள்ளி இருந்துச்சு. பொட்டு வைக்க எடம் விட்டுச் செஞ்சிருக்கான், வெள்ளைக்காரனுக்கும் சாமி பயம் இருக்குன்னு நெனச்சேன். ஒங்க உசிரு அது மேலதானே போகுது. தெனமும் குளிச்சுட்டு வந்து வெச்சேன்."

பொட்டு வைத்த கை எரிந்தது. அக்கா குழந்தைக்கும் மருந்துக்கும் நடுவில் தன் விரல் நுனிச் சந்தனம் நின்றிருக்கிறதே!

ஆத்மநாதன் வாயைத் திறந்தான். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபம் எல்லாம் வாசல்வரை வந்ததை அவள் பார்த்தாள். அது அங்கேயே திரும்பிவிட்டது.

"நீ பொட்டு வெச்சே," என்றான் மெதுவாக. "எட்டு நாளும் அதைத் தொட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டவன் யாரு?"

தங்கமுத்துவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. வைக்கோல் வண்டி குலுங்கச் சிரித்தான். ஆத்மநாதனும் சிரித்துவிட்டான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

தங்கமுத்து வேலியிலிருந்து உடைமரத்து முள் ஒன்றை ஒடித்துக் கொடுத்தான். சொர்ணவல்லி சந்தனத்தைச் சுரண்டினாள். முள்முனையால் துவாரத்தைக் குத்தி, வாயை வைத்து ஊதினாள். மறுபக்கம் பிடித்திருந்த ஆத்மநாதனின் உள்ளங்கையில் அவள் மூச்சு நூல்போலப் பட்டது. "வந்துருச்சு," என்றான், ஏதோ பிள்ளை பிறந்த செய்திபோல.

சுரண்டிய சந்தனத்தை மண்ணில் போட அவளுக்கு மனசு வரவில்லை.

"இங்கிட்டுக் குடுங்க தாயி," என்று தங்கமுத்து வாங்கி, எச்சில் படாமல் செம்புத் தண்ணீர் விட்டுக் குழைத்து, லாடம் கழன்ற காளையின் நெற்றியில் அப்பினான். "இவனுக்கு நெத்தியில ஓட்டை கெடையாது. தைரியமா வைக்கலாம்."

ஒரே உதையில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எட்டு மைலும் சொர்ணவல்லி மலையைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கவில்லை. புருஷனின் தோளுக்கு மேலாக அந்த மூடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஊசிமுனை வாசல் வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. முகத்தில் அறைகிற இந்தக் காற்றுதான். மார்பில் ஏறி இறங்குகிற மூச்சும் இதுதான். எஞ்சின் இருமவில்லை. விக்கவில்லை.

கொடும்பாளூர்க் கோயில் விமானங்கள் மஞ்சள் வெயிலில் தெரிந்தபோது பறைச் சத்தம் கேட்டது. குடியிருப்பின் முகப்பில் வேப்பிலைத் தோரணம் கட்டி முடித்திருந்தார்கள். மாரியம்மன் திடலில், மஞ்சள் கயிற்றுத் தட்டோடு பூசாரி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இந்தப்பக்கம், ஆலமரத்தடியில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் பிரகதாம்பாள், கைக்குழந்தையோடு.

"வாங்க! காப்புக்கு இன்னும் ஒரு நாழிதான் இருக்குங்குறாரு பூசாரி," என்று அக்கா எழுந்து நின்றாள். "வரமாட்டீங்கன்னே பேசிக்கிட்டாங்க. எதுல போய்ச் சிக்குனீங்க?"

"பொட்டுல," என்றான் ஆத்மநாதன். அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சொர்ணவல்லி அக்கா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாள். பானையின் மணலைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. ஆத்மநாதன் கையைக் கழுவிவிட்டு, ஒரு குழலை எடுத்துத் துடைத்தான். ஒரு முனையை ஒடித்தான். சாய்த்துப் பிடித்தான். சொட்டு வரவில்லை. அவன் அதை எப்போதும் இப்படி நிறுத்திப் பார்க்கிறவன் இல்லை. சொர்ணவல்லியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

மறு முனையை ஒடித்தான். இத்தனை நேரம் காத்திருந்ததுபோல அம்மைப்பால் மெல்ல நகர்ந்து வந்து, முனையில் முத்தாய்த் திரண்டு நின்றது.

குழந்தையின் தோளில் அது விழுந்தது. வரிசையில் இருந்த பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பறை ஓய்ந்திருந்தது. பிரகதாம்பாள் ஒடிந்து விழுந்த அந்தக் கண்ணாடித் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தவள், தங்கையின் காதருகில் குனிந்து கேட்டாள்:

"ஏன்டி சொர்ணம், மருந்து வெளிய வாரது இந்தப் பக்கமாத்தானே? அப்ப அங்கிட்டு முனையையும் ஒடிக்கிறாரே, அது வழியா உள்ள போறது யாருடி?"